மெத்தம்பெட்டமைன்: இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருளின் பெயரைப் பிரித்தால் மெத்தில், ஆம்பெட்டமைன் என்று வரும். இதே வகை மருந்தான ஆம்பெட்டமைனின் மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த அணுக்கூட்டம்) கூடுதலாகச் சேர்ந்தது என்று பொருள். மரத்தை வடித்து எடுத்த சாராயத்துக்காக 1830களில் பிரெஞ்சு வேதியியலாளர்கள் கிரேக்கத்திலிருந்து உருவாக்கிய பெயரில்தான் 'மெத்தில்' பிறந்தது: 'மெது' என்றால் மது, 'ஹூலே' என்றால் மரம். அந்த 'மெது'வும் வடமொழி வழியாக நம்மிடம் வந்த 'மது'வும் ஒரே வேரில் கிளைத்தவை.

பெயரில் உறவு இருந்தாலும் குணத்தில் இது மதுவுக்கு நேரெதிர். மது தள்ளாட வைக்கும், தூங்க வைக்கும். இது தூங்கவே விடாது. மூளையில் உற்சாகத்தைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெள்ளமாகத் திறந்துவிட்டு, பசியையும் களைப்பையும் மறக்கடிக்கிறது.

இங்கேதான் 'போதைப்பொருள்' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. போதை என்றதும் குழறும் பேச்சு, கிறங்கிய கண், வாயில் நாற்றம் என்றுதான் பெற்றோர் தேடுவார்கள். பையனோ விடிகாலை மூன்று மணிக்கு அறையை மூன்றாவது முறையாக அடுக்கிக்கொண்டிருப்பான். பேச்சு மளமளவென்று வரும், பல்லை நறநறவென்று கடிப்பான், தட்டில் சாப்பாடு அப்படியே இருக்கும். 'பரவாயில்லை, சுறுசுறுப்பாகிவிட்டான்' என்று வீடு நிம்மதியாக இருந்துவிடுகிறது. எனக்கு இது பெரிய கவலை.

1893இல் ஜப்பானியர் நகாய் நாகயோஷி எபெட்ரின் என்ற மருந்துப்பொருளிலிருந்து இதைத் தயாரித்தார். 1919இல் அகிரா ஒகாட்டா படிகமாக்கினார். 1941 முதல் ஜப்பானில் 'ஹிரோப்பான்' என்று மாத்திரையாக விற்றார்கள். 'உழைப்பை நேசிப்பவர்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர்! இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இளைஞர்களிடையே காட்டுத்தீயாகப் பரவி, 1951இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. தாய்லாந்தில் 'யாமா', அதாவது குதிரை மருந்து என்றிருந்ததை 1996இல் அரசே 'யாபா', பைத்திய மருந்து என்று மாற்றியது. பெயர் மாறியதால் மட்டும் பழக்கம் நின்றுவிடவில்லை. ஆனாலும் அந்த எண்ணம் சரி என்பேன்.

ஏனென்றால் இன்று இளையோரிடம் புழங்கும் பெயர்கள் 'ஐஸ்', 'கிரிஸ்டல்'. உடைத்த படிகாரம்போலப் பளபளக்கும் கட்டிக்குக் குளுகுளுவென்று ஒரு பெயர். சரக்கும் பெருகிவிட்டது: ஐ.நா. கணக்குப்படி கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் 2023இல் மட்டும் சுமார் 190 டன் பிடிபட்டது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ஊக்கமருந்து' வேண்டாம். அது விளையாட்டு வீரர்கள் செய்திக்கென்று நிலைத்துவிட்டது, ஊக்கம் நல்ல சொல்லும்கூட. 'கிளர்ச்சியூட்டி' கலைச்சொல்லாகப் பொருந்தும், ஆனால் கிளர்ச்சி என்றால் நமக்குப் போராட்டம்தான் நினைவுக்கு வரும். நான் எழுதுவது 'நரம்பு முடுக்கி'. முடுக்குவது என்றால் ஓய்வு கொடுக்காமல் விரட்டுவது, இந்த மருந்து செய்வதும் அதைத்தான். செய்தியில் முதல் முறை 'மெத்தம்பெட்டமைன் என்னும் நரம்பு முடுக்கி' என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'முடுக்கி' என்று சுருக்கலாம். 'ஐஸ்' என்று எழுதியே ஆகவேண்டிய இடத்தில் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.