மீமெய்: ‘சர்ரியல்’ என்பதற்குத் தமிழ்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு நவீன நாடகம் முடிந்து ஆட்கள் கலையும்போது காதில் விழுபவை பெரும்பாலும் இவைதான்: “ஒன்னும் புரியல”, “கனவு கண்ட மாதிரி இருந்துச்சு”, “செம சர்ரியலா இருந்துச்சுங்க”. மூன்றையும் ஒரே பொருளில் சொல்லிவிடுகிறோம். முதல் இரண்டும் பார்த்தவரின் மனநிலையைச் சொல்கின்றன. மூன்றாவது, நாடகம் செய்யப்பட்ட முறையின் பெயர். ஒரு சிற்றூர் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமற்போகும் நாடகம் என்றால் குழப்பம் இன்னும் கூடும். இந்த வட்டாரத்தில் ஊர் காணாமற்போவது நிஜமாகவே நடந்திருக்கிறது.

சர்ரியலிசம் என்ற கலை இயக்கத்தின் பெயரைக் கேட்டதும் உருகி வழியும் கடிகார ஓவியம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சொல் பிறந்ததோ அரங்கில். பிரெஞ்சில் ‘சுர்’ என்றால் மேல். 1917 மே மாதம் பாரிஸில் ஆடிய ஒரு பாலே நடனத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் கவிஞர் கியோம் அப்பொலினேர் இந்தச் சொல்லை எழுதினார். அடுத்த மாதமே மேடையேறிய தம் நாடகத்துக்கு ‘சர்ரியல் நாடகம்’ என்று துணைத்தலைப்பும் கொடுத்தார். அதன் முன்னுரையில் அவர் தந்த விளக்கம் இன்றும் கைகொடுக்கிறது: நடப்பதைப் போலச் செய்ய நினைத்த மனிதன் சக்கரத்தைச் செய்தான், சக்கரம் காலைப் போல இருப்பதில்லை. மெய்யை நகலெடுக்காமல், மெய்யின் வேலையை வேறொரு வடிவத்தால் செய்வதே அவர் சொன்னது.

1924இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிச இயக்கத்தின் அறிக்கையை வெளியிட்டபோது பொருள் நகர்ந்தது. முதல் உலகப் போரில் மனநோய்ப் பிரிவில் பணியாற்றியவர் அவர். அறிவின் கட்டுப்பாடு இல்லாமல் மனம் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வதே சர்ரியலிசம் என்று வரையறுத்தார். ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள். தமிழில் ‘அடிமனம்’ என்று தொடங்கும் சொல்லாக்கங்கள் பிரெத்தோனைப் பின்பற்றுகின்றன. ‘மீ’ என்று தொடங்குபவை அப்பொலினேரை. நாடகத்துக்குப் பொருந்துவது ‘மீ’தான். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் நேரம் குறித்து ஆடும் ஒன்றில் கட்டுப்பாடற்ற மனவோட்டத்துக்கு ஏது இடம்?

ஆங்கிலத்தில் ‘சர்ரியல்’ என்ற பெயரடை பிற்பாடு, 1930களில் பிரிந்து வந்தது. இன்று நம்ப முடியாத எதையும் குறிக்கிறது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2016ஆம் ஆண்டின் சொல்லாக இதைத்தான் அறிவித்தது. பெரும் துயரச் செய்திகள் வரும்போதெல்லாம் இதற்குப் பொருள் தேடுவோர் கூடுகிறார்கள் என்பதும் அந்த அகராதியினர் கவனித்தது. நாடகம் முடிந்து நாம் சொல்லும் ‘சர்ரியல்’ பெரும்பாலும் இந்தத் தளர்ந்த பொருளில் வருவதுதான்.

தமிழில் மீமெய் என்பதே நல்ல சொல். மிகை யதார்த்தம், மீயதார்த்தம், மீமெய்யியல் எல்லாம் புழக்கத்தில் உண்டு. ‘மிகை’ என்றால் மிகைநடிப்பு நினைவுக்கு வந்துவிடும். இந்த வகை நாடகத்தில் கூடவே கூடாதது அது. ‘மீ’ பழைய சொல், மேல் என்று பொருள்: மீமிசை. மீச்சிறு பொது மடங்கு போட்ட பிள்ளைகளுக்கும் தெரியும், அங்கே அது ‘மிக’ என்ற பொருளில் வருகிறது. மெய் என்பது உண்மையும் உடம்பும். இந்த இரட்டைப் பொருள் ‘யதார்த்த’த்தில் இல்லை. மீமெய் நாடகத்தில் நடக்கவே முடியாதது நடக்கும், ஆனால் உடம்போடு, எடையோடு, கைக்கு அகப்படும்படி நடக்கும்.

ஊர் காணாமற்போகும் அந்த நாடகத்தில் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பாலக்கோடு பேருந்து நிலையம். ஓர் அம்மாள் தனியார் பஸ்ஸில் ஏறித் தன் ஊருக்கு டிக்கெட் கேட்கிறாள். நடத்துநர் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “அப்படி ஒரு ஸ்டேஜே இல்லையேம்மா” என்கிறார். ஸ்டேஜ் என்பது இங்கே கட்டணம் கணக்கிடும் நிறுத்தம். அவள் சண்டை போடவில்லை. “சரி, அதுக்கு முன்னாடி ஸ்டேஜுக்குக் குடுங்க” என்கிறாள். மறுநாள் அந்த ஸ்டேஜும் இல்லை. நடத்துநர் சில்லறையை மட்டும் சரியாக எண்ணிக் கொடுக்கிறார். ஊர் போய்விட்டது, சில்லறை போகவில்லை. மீமெய் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

இதைக் கெடுக்கும் வழிகள் நாலைந்து உண்டு, அவற்றில் முதலாவது நடிகரின் வியப்பு. நடத்துநர் கண்ணை விரித்துவிட்டால் வியப்பு மேடையிலேயே செலவாகிவிடும், பார்ப்பவருக்கு மிச்சமிருக்காது. ஊருக்கு அடையாளமாக ஏழு கதவு நிறுத்தினால் காட்சிக்கு ஒன்றாக, விளக்கு அணையும்போது எடுக்க வேண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்து எடுத்தால் அது அரங்கப் பொருள் மாற்றமாகத்தான் தெரியும். கதவு போன இடத்தில் ஆட்கள் குனிந்து நுழையும் பழக்கத்தை மட்டும் விடக் கூடாது. எல்லாமே விசித்திரமாகிவிட்டால் எதை வைத்து அளப்பது? கதவு போகலாம், நேரம் தவறாமல் பால் வண்டி வந்தாக வேண்டும். புகையும் நீல வெளிச்சமும் பார்வையாளரிடம் ‘இது கனவு’ என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடும். கடைசிக் காட்சியில் யாராவது படுக்கையிலிருந்து எழுந்தால், அதுவரை கட்டியது மொத்தமும் வீண்.

பார்த்தவர்கள் அடுத்துத் தேடுவது ‘இது எதைச் சொல்லுது’ என்பதை. இங்கே அந்தக் கேள்விக்கு மறுமொழி உடனே கிடைக்கும்: மேட்டூர் அணை. 1925இல் வேலை தொடங்கி 1934இல் முடிந்த அணை, 120 அடி நீர்மட்டம், அடியில் பல ஊர்கள். பென்னாகரம் வட்டத்து நாகமரையிலிருந்து எதிர்க்கரைப் பண்ணவாடிக்குப் பரிசலில் போகிறவர்கள், தண்ணீர் இறங்கும் காலத்தில் பழைய தேவாலயக் கோபுரத்தையும் நந்தியையும் பார்க்கிறார்கள். படம் எடுக்க வருபவர் ‘சர்ரியல்’ என்பார். கரையில் இருப்பவருக்கு அது தண்ணீர் கம்மி என்ற கணக்கு, தாத்தா இருந்த ஊர் என்ற நினைவு. அந்தக் காட்சி முழுக்க மெய். அதை மீமெய் என்று சொல்லக் கூடாது, ஊரை இழந்தவர்களின் இழப்பை அது கனவாக்கிவிடும். நாடகத்தை அணைக் கதையாக மட்டும் வாசிப்பதும் இதே காரணத்தால் போதாது: அணையில் மூழ்கிய ஊருக்குக் காரணம் உண்டு, தேதி உண்டு. நாடகத்து ஊருக்குக் காரணம் கொடுக்கப்படவில்லை என்பதுதான் நம்மை உலுக்குவது.

வருவாய்த் துறையில் இதற்கு நெருக்கமான சொல் ஒன்று இருக்கிறது: பேச்சிராக் கிராமம். கணக்கில் பெயரும் எல்லையும் இருக்கும், குடியிருப்பு இருக்காது. பாரசீகத்தில் ‘பே’ இல்லாத, ‘சிராக்’ விளக்கு; விளக்கெரியாத ஊர். பேச்சோடு இதற்கு உறவில்லை. தமிழில் பாழூர் எனலாம். நாடகத்து ஊர் இதற்கு நேர் எதிர்: விளக்கு எரிகிறது, ஆட்கள் இருக்கிறார்கள், கணக்கில்தான் ஊர் இல்லை.

பக்கத்துச் சொற்களோடு கலக்காமலும் இருக்க வேண்டும். மாய யதார்த்தத்தில் அதிசயம் அன்றாடத்தின் பகுதியாகவே இருக்கும், உலகம் குலையாது. அபத்த நாடகத்தில் பேச்சும் செயலும் பொருளற்றுச் சுழலும். கூத்தில் கட்டியங்காரன் பேசி முடிப்பதற்குள் களம் அத்தினாபுரம் ஆகிவிடும். பதினெட்டாம் போர் அன்று மண்ணில் செய்து கிடத்திய துரியோதனன் ஒருவன், வேடம் கட்டி ஓடும் துரியோதனன் இன்னொருவன். பென்னாகரத்துப் பாரதத் திருவிழாவில் இதைப் பார்ப்பவர் யாரும் தடுமாறுவதில்லை. கதை எல்லோருக்கும் தெரியும், மரபும் தெரியும். ஆகவே கூத்து மீமெய் ஆகாது. இப்படிக் கண்ணைப் பழக்கியவர்களுக்கு மீமெய் நாடகம் பார்ப்பது எளிது என்பது மட்டும் உண்மை.

“ஒன்னும் புரியல” என்பதற்குத் தொல்காப்பியத்தில் பெயரே உண்டு, மருட்கை. வியப்பில் மயங்குதல் என்று பொருள். எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று. ‘புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு, மதிமை சாலா மருட்கை நான்கே’ என்பது நூற்பா. ஆக்கம் என்றால் ஒன்று இன்னொன்றாகத் திரிதல். ஊர் வெற்றிடமாகத் திரிவது இதில் அடங்கும். மதிமை சாலா என்பது அறிவுக்கு அடங்காதது. மருட்கை பார்வையாளரின் குறையே அல்ல, நாடகம் வேலை செய்ததன் அறிகுறி.

எழுதும்போது: பெயர்ச்சொல்லாக மீமெய், பெயரடைக்கு மீமெய்யான, வகைக்கு மீமெய் நாடகம், இயக்கத்துக்கு மீமெய்யியம். ‘இயல்’ ஒரு துறையின் படிப்பைக் குறிப்பதால் மீமெய்யியல் என்றால் மெய்யியலின் ஒரு கிளை போலத் தோன்றும். வெறும் அதிர்ச்சிக்கு, “நம்பவே முடியல” போதும்.