ஸ்கேட்டர் சார்ட்: சிதறல் விளக்கப்படம்

எக்செல், லிப்ரேஆபிஸ் கால்க் போன்ற விரிதாள் மென்பொருள்களில் ‘ஸ்கேட்டர்’ என்று காணப்படும் படவகைக்குத் தமிழ்ப் பெயர் சிதறல் விளக்கப்படம். இரண்டு நெடுவரிசைகளில் எண்கள் இருக்க வேண்டும். ஒன்று கிடை அச்சுக்கு, மற்றது செங்குத்து அச்சுக்கு. ஒரு வரிசையில் இருக்கும் இரண்டு எண்களும் சேர்ந்து ஒரு புள்ளி.

ஸ்கேட்டர் என்றால் சிதறு. பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் உடைக்கும் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பழந்தமிழில் ‘சிதர்’ என்ற சொல்லுக்கு மழைத்துளி என்றும் ஒரு பொருள் உண்டு. துளித்துளியாக விழுந்து கிடக்கும் புள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான உறவுச் சொல் கிடைக்காது. ‘சார்ட்’ பாப்பிரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. அதை வரைபடம் என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனால் நாட்டின் மேப்பும் வரைபடம், கணக்கு நோட்டின் கிராஃபும் வரைபடம் என்றாகிவிட்டதால், விளக்கப்படம் என்பதே என் தேர்வு. வெறுமனே ‘சிதறல்’ என்று நிறுத்துவதும் சரியில்லை. இயற்பியலில் ஒளிச்சிதறல் இருக்கிறது. புள்ளியியலில் திட்டவிலக்கம் முதலானவற்றுக்கே சிதறல் அளவைகள் என்று பெயர்.

பெயர் சிதறலைச் சொன்னாலும் இந்தப் படத்தை வரைபவர் தேடுவது ஒழுங்கைத்தான். ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1833இல் வெளியான கட்டுரையில், ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களின் நிலையை ஆண்டுக்கு எதிராகப் புள்ளியிட்டு, எல்லாப் புள்ளியையும் தொட முயலாமல் அவற்றின் நடுவே ஒரு வளைகோட்டை இழுத்தார். அளவீட்டுப் பிழைகள் சிதறிக் கிடந்தாலும் சுற்றுப்பாதை புலப்பட்டுவிடும் என்பது அவர் கணக்கு. இன்று எக்செலில் ஒரு புள்ளியின் மீது வலது சொடுக்கிப் போக்குக்கோடு சேர்க்கிறோமே, அந்த வேலைதான்.

பெற்றோர் உயரம் பிள்ளைகளுக்கு எவ்வளவு வருகிறது என்று ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டனின் 1886ஆம் ஆண்டுத் தரவை விரிதாளில் இட்டால் இந்தப் படத்தின் சிக்கல்கள் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். 205 பெற்றோர் இணைகள், வளர்ந்த பிள்ளைகள் 928 பேர், எல்லாம் அங்குலத்தில் உயரங்கள். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களுக்கு இணையாக்கினார். கிடை அச்சில் தாய் தந்தையின் சராசரி உயரம், செங்குத்து அச்சில் பிள்ளையின் உயரம். அச்சுகள் பூச்சியத்தில் தொடங்கினால் புள்ளிகள் மூலையில் குவிந்து கிடக்கும். அச்சின் குறைந்த அளவை 60 என்று மாற்றினால் குவியல் விரியும். பட்டை விளக்கப்படத்தில் இப்படி வெட்டினால் அது பித்தலாட்டம். நீளத்தை வைத்தே அளவு காட்டும் படம் அது. இங்கே இடத்தைத்தான் பார்க்கிறோம், ஆகவே குற்றமில்லை.

அடுத்தது நுட்பமானது. 928 வரிசை இருந்தும் அவ்வளவு புள்ளிகள் தெரியாது. கால்டன் உயரங்களை அங்குல வகுப்புகளாகத் தொகுத்திருந்ததால், ஒரே இடத்தில் நாற்பது பேர் ஒருவர் மேல் ஒருவராக நின்றாலும் ஒரு புள்ளிதான் தெரியும். குறியீட்டின் நிரப்பு நிறத்தை ஒளி ஊடுருவும்படி மாற்றினால், நெரிசல் உள்ள இடம் அடர்ந்து காட்டும். அல்லது எண்ணிக்கையைப் பருமனாகக் காட்டும் குமிழி விளக்கப்படத்துக்கு மாறலாம். பிறகு போக்குக்கோடு. அதன் சாய்வு ஏறத்தாழ மூன்றில் இரண்டு: பெற்றோர் சராசரியைவிட மூன்று அங்குலம் உயர்ந்தால் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு அங்குலமே உயர்வார்கள். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்றே இறங்குகிறார்கள் என்பது கால்டனின் முடிவு. ‘ரிக்ரெஷன்’ என்ற புள்ளியியல் சொல் இதிலிருந்தே பிறந்தது. நம் பள்ளிப் புத்தகங்களில் தொடர்புப் போக்கு.

கோட்டு விளக்கப்படத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அந்த வகை, கிடை அச்சின் எண்களை வெறும் பெயர்களாகக் கருதிச் சம இடைவெளியில் அடுக்கிவிடும். 1, 2, 50 மூன்றும் ஒரே தூரத்தில் நிற்கும். சிதறல் விளக்கப்படத்தில் 50 அதற்குரிய தொலைவில் போய் நிற்கும். எக்செலில் இதிலேயே கோடு இணைத்த உள்வகைகளும் உண்டு. அவை அட்டவணையின் வரிசைப்படியே புள்ளிகளை இணைப்பவை; கிடை அச்சின் நெடுவரிசையை ஏறுவரிசையில் அடுக்காமல் அவற்றைத் தேர்ந்தெடுத்தால் திரையில் நூல்சிக்கல்தான்.