தொற்றுநீக்க உடன்விளைபொருள்

குடிநீர் ஆய்வறிக்கைகளில் 'டிபிபி' என்று சுருங்கி நிற்கும் 'டிஸ்இன்ஃபெக்‌ஷன் பைபிராடக்ட்' என்னும் தொடர், கிருமிகளை அழிக்கச் சேர்க்கும் குளோரின், நீரில் முன்பே கரைந்திருக்கும் கரிமப் பொருள்களோடு வினைபுரிந்து உண்டாக்கும் சேர்மங்களைக் குறிக்கும். உதிர்ந்த இலைகள் ஊறிய குளத்துநீர் வெளிறிய தேநீர் நிறத்தில் இருப்பதைக் கண்டிருப்போம். அந்நிறத்தைத் தரும் மட்கிய பொருள்களே இவ்வினைக்கு முதன்மையான மூலம். இதை ரோட்டர்டாம் நகரக் குடிநீர் வழங்கலில் பணியாற்றிய வேதியியலர் யோகன்னஸ் ரூக் 1974இல் வெளியிட்டார்.

'இன்ஃபெக்ட்' என்பதன் இலத்தீன் வேருக்குத் தோய்த்தல், கறைப்படுத்தல் என்று பொருள். தமிழின் 'தொற்று' வேறு வழியில் வந்தது: பேருந்தின் படியில் ஒருவர் தொற்றிக்கொள்வதும் உடலை நோய் தொற்றுவதும் ஒரே வினைச்சொல்தான். வழக்கில் மிகுதியாக உள்ள 'கிருமிநீக்கம்' எல்லா நுண்ணுயிரும் ஒழிந்தன என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆனால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் குளோரினுக்குத் தப்பிவிடும். ஆகவே 'தொற்றுநீக்கம்' என்பதே துல்லியமானது.

'பைபிராடக்ட்' என்பதற்குப் 'பக்கவிளைபொருள்', 'துணைவிளைபொருள்' ஆகியன உள்ளன. முன்னது மருந்தின் பக்கவிளைவோடு குழம்பும். பின்னதில் உதவி என்ற சாயல் ஒட்டியிருக்கிறது. வேண்டாமலே கூடவே பிறக்கும் இதற்கு 'உடன்விளைபொருள்' பொருந்தும் என்பேன்.

இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது டிரைஹாலோமீத்தேன். மீத்தேனின் நான்கு ஹைட்ரஜன் அணுக்களில் மூன்றின் இடத்தைக் குளோரினோ புரோமினோ பிடித்தால் இது உருவாகும். உப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஹால்ஸ்' என்பதிலிருந்து வந்த 'ஹாலோஜன்' தமிழில் உப்பீனி, அதாவது உப்பை ஈனுவது. எனவே இதை 'மூவுப்பீனி மீத்தேன்' எனலாம். ஒரு காலத்தில் அறுவை மருத்துவத்தில் மயக்கமூட்டப் பயன்பட்ட குளோரோஃபார்ம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

குளோரோஃபார்மைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என 2பி பிரிவில் வைத்துள்ளது. இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐஎஸ் 10500 இதற்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற வரம்பை விதிக்கிறது. குளோரினேற்றிய நீரை நெடுங்காலம் பருகுவதற்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பிருப்பதாக மக்கள்தொகை ஆய்வுகள் சில காட்டினாலும், காரண உறவு உறுதிப்படவில்லை. காலராவும் டைஃபாய்டும் தரும் இடர் இதைவிடப் பன்மடங்கு பெரிதாகையால், குளோரினைக் கைவிடுவது தீர்வன்று; படிகாரமிட்டு நீரைத் தெளியவைத்து, வடிகட்டி, கரிமப் பொருளைக் குறைத்த பிறகு குளோரினைச் சேர்த்தால், உடன்விளையும் பொருளும் குறையும்.