பிறந்தநாள் பிரியாணியும் ஜூலை மாதத்துச் சிலிண்டரும்

சேலத்தில் ஆடிட்டராக இருக்கிறேன். நான் கணக்குப் பார்க்கும் மிஷன் பள்ளிகளில் ஒன்று ஏற்காட்டுக்கும் அப்பால், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. அரசு உதவி பெறும் பிரிவோடு தொடங்கிய பள்ளி. பிறகு சுயநிதியில் ஆங்கில வழிப் பிரிவும் வந்தது. அந்தப் பிரிவு 80 பிள்ளைகளிலிருந்து 180 ஆகிவிட்டது. போன வருடம் தாளாளர் அம்மா சொன்னார்: "ஆடிட்டர் சார், பிறந்தநாளுக்குப் பிரியாணி போட வரிசையா வர்றாங்க. ஜூலை மாசம் சிலிண்டர் வாங்கக் காசு இல்லை."

சத்துணவு அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் உண்டு. காலை உணவுத் திட்டம்கூட 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. சுயநிதிப் பிரிவுக்கு இரண்டும் இல்லை. ஒரே வளாகம், ஒரே மணி. அண்ணன் முட்டையோடு சாப்பிடுகிறான், தங்கைக்குத் தட்டு இல்லை. அந்தத் தட்டைத்தான் பள்ளி தன் கையிலிருந்து நிரப்ப வேண்டும். அதனால் இப்படிப் பள்ளி நடத்துபவர்கள் முதலில் பிள்ளைகளை இரண்டு பட்டியலாகப் பிரித்து எழுதுங்கள். உங்கள் பொறுப்பு எத்தனை தட்டு என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்து அளவு. மத்திய அரசின் மதிய உணவு விதிப்படி தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு. 180 பேருக்கு நாளைக்கு 18 கிலோ அரிசி. 210 வேலை நாளுக்கு 3,780 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் 151-க்கும் மேலே. லீ பஜாரில் மொத்தமாக எடுத்தாலும் மலையேற்ற வண்டி வாடகை தனி. மொத்தம் 37,800 தட்டு. தட்டுக்கு ஒரே ஒரு ரூபாய் ஏறினால் வருடத்துக்கு 37,800 ரூபாய் கூடுதல். 80 பிள்ளைகள் இருந்தபோது இதே ஒரு ரூபாய் 16,800தான். புதுப் பிரிவு தொடங்கும்போது வகுப்பறை, பெஞ்சு, ஆசிரியர் சம்பளம் எல்லாம் பேசுகிறோம். சோற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் "ஆண்டவர் தருவார்" என்று முடித்துவிடுகிறோம். அந்த விசுவாசம் எனக்கும் உண்டு. ஆனால் பைபிளில் இயேசு ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் பகிரும் முன்னே கூட்டத்தை ஐம்பது ஐம்பதாக, நூறு நூறாகப் பந்தியில் உட்காரவைத்தார்களே!

நன்கொடை பெரும்பாலும் டிசம்பரில் வருகிறது. பள்ளி திறக்கும் ஜூனில் ஸ்டோர் ரூம் காலி. காப்பிப் பழம் பறிக்கும் காலம் முடிந்து வீட்டிலும் கூலி குறைந்திருக்கும் மாதங்கள் அவை. பள்ளிச் சோறு அப்போதுதான் பிள்ளைக்கு மிகவும் தேவை.

சபையில் சேரும் கைப்பிடி அரிசி அருமையான வழக்கம். ஆனால் பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே மூட்டையில் கலந்து வந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. சமையல் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். அதை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் விட்டுப் பணமாக்குவது நல்லது. அரிசி மூட்டையாகக் கொடுப்பவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொருளை வாங்கிக்கொண்டு பண ரசீது எழுதித் தராதீர்கள்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள். அவரே அந்நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டால் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். "பக்கத்து டிரஸ்ட் வழியாக வாங்கித் தருகிறோம்" என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம்.

அந்த மலைப் பள்ளியில் இப்போது பிறந்தநாள் விருந்துப் பலகை இல்லை. அலுவலகச் சுவரில் 210 கட்டம் போட்ட அட்டை. ஒரு கட்டம் ஒரு நாள் சாப்பாடு. அரிசி, காய் மட்டுமல்ல, கேஸ், சமையல் கூலி, வண்டி வாடகை எல்லாம் அதில் அடக்கம். தட்டுக்கு 30 ரூபாய் வைத்து ஒரு கட்டம் 5,400 ரூபாய். டிசம்பரில் பிறந்தவர் வந்தால் தாளாளர் அம்மா கேக் வெட்டி வாழ்த்திவிட்டு, "ஜூன்ல ஒரு நாள் எடுத்துக்குறீங்களா தம்பி?" என்று கேட்கிறார். பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஜூன் நிரம்பிவிட்டது. ஜூலையில் இன்னும் ஒன்பது கட்டம் காலி.