கணக்கெடுப்பு அன்று, அளவை

சென்ற மாதம் தருமபுரியில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில், 'விண்மீன் மண்டலக் கணக்கெடுப்பு' என்று எழுதிய அட்டையருகே நின்று ஒரு மாணவி தெளிவாகவே விளக்கிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்த பெரியவர் ஒருவர், "மொத்தம் எத்தனை இருக்குது பாப்பா?" என்றார். அவள் விழித்தாள். பிழை அவருடையதன்று, கோடிக்கணக்கான விண்மீன்கள் கூடிய மண்டலங்களை ஆராயும் 'கேலக்சி சர்வே'யைத் தமிழாக்கிய 'கணக்கெடுப்பு' என்னும் சொல்லினுடையது. நாளிதழ்களிலும் காணொலிகளிலும் அதையே கேட்டுக் கேட்டுச் சலித்ததால் இதை எழுதுகிறேன்.

'சர்வே' என்பது 'மேல்', 'பார்' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்கள் கூடிப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த சொல். மேலிருந்து நோக்குதல் பின்னர் நிலமளத்தலாயிற்று, அவ்வளவே.

கணக்கெடுப்பு என்றால் தலையெண்ணுதல். ஓசூர்க் காட்டில் யானைக் கணக்கெடுப்பு நடந்தால், எத்தனை யானை என்பதே முதல் விடை. வானியலார்க்கோ எங்கே, எவ்வளவு தொலைவில் என்பதே கேள்வி. ஒவ்வொரு மண்டலத்தின் ஒளியையும் நிறமாலையாகப் பிரித்து, அது சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்னும் செம்பெயர்ச்சியை அளந்து, அதன்வழித் தொலைவைக் கணிக்கிறார்கள். நியூ மெக்சிகோவில் 2000இல் தொடங்கிய சுலோன் என்னும் சர்வே திட்டத்தில், தொலைநோக்கியில் பொருத்தும் அலுமினியத் தட்டில் மண்டலத்துக்கொரு துளையிட்டு, 640 ஒளியிழைகளைக் கையாலேயே செருகினார்கள். அரிசோனாவில் 2021இல் தொடங்கிய டெசி என்னும் திட்டத்தில் 5000 இழைகளைச் சிறு இயந்திரங்கள் நகர்த்துகின்றன. எண்ணுவதற்கு இத்தனை பாடு எதற்கு? நல்ல ஒளிப்படம் போதுமே!

இளம் அண்டத்தில் பரவிய ஒலியலைகளின் தடமாக, மண்டலங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 49 கோடி ஒளியாண்டு இடைவெளியில் சற்றே மிகுதியாக அமைந்திருப்பதை 2005இல் கண்டறிந்தார்கள். சர்வேயருக்கு 66 அடிச் சங்கிலி எப்படியோ, வானியலார்க்கு இந்த நீளம் அப்படி. வெவ்வேறு தொலைவுகளில் அது எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதிலிருந்து அண்டம் விரிந்த வரலாற்றை அறிந்து, அந்த விரிவை விரைவுபடுத்துவதாகக் கருதப்படும் இருள் ஆற்றல் மாறாதது என்னும் மாதிரி தேறுகிறதா என்று உரைத்துப் பார்க்கிறார்கள். சங்கிலி பிடிப்பவரை யாராவது கணக்கெடுப்பவர் என்பார்களா?

'ஆய்வு' என்று எழுதுவோரும் உண்டு. மண்ணையும் மலத்தையும் சோதிப்பதும் ஆய்வுதான். எதற்கும் பொருந்தும் சொல் எதையும் சுட்டாது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் மொழிபெயர்ப்பாளர்க்கு, பக்கத்து ஊர்ப் புழக்கம் காதில் விழுவதே இல்லை. பாலக்கோட்டில் வரப்புத் தகராறு வந்தால் நில அளவைக்குத்தான் மனுக் கொடுக்கிறார்கள். 1792இல் பாராமகால் என்னும் இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தபின், அவர்களுடைய அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்த சீமை இது. எங்களுக்கு இந்தச் சொல்லைக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே 'விண்மீன் மண்டல அளவை' என்கிறேன். அளவை என்பது அறிவு பெறும் வழியைக் குறிக்கும் தருக்கத்துக்குரிய சொல்லாயிற்றே என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் தடுத்தார். எனக்கு அதுவே கூடுதல் வசதி. மணிமேகலையில் அளவைவாதி என்னும் தருக்கவாதி அடுக்கும் அளவைகளில் முதலிரண்டு காண்டலும், கண்டதைக் கொண்டு ஊகிக்கும் கருதலும். நிறமாலையைப் பார்ப்பது காண்டல். அதைக் கொண்டு, கண்ணுக்கே தெரியாத இருள் ஆற்றலைப் பற்றி முடிவுக்கு வருவது கருதல்.