லேசான வண்டிதானே என்று பின் சக்கரத்தைப் பிடிக்காதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் என் மோட்டார் பட்டறைக்கு வருவதில் முக்கால்வாசி காப்சாய்தான், தினசரி ஓட்டுகிற சின்ன மோட்டார் சைக்கிள். எப்போதாவது லாரியில் கயிறு கட்டி ஒரு ட்ரையல்ஸ் வண்டி வந்து இறங்கும். அன்றைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் தேத்தண்ணிக் குவளையோடு வந்து நின்று, “சீட் எங்கேப்பா?” என்பார். சீட்டே கிடையாது அண்ணே, நின்றுகொண்டு ஓட்டுகிற வண்டி. பாறை, மரக்கட்டை, ஓடை என்று குறித்துவைத்த வழியில் கால் தரையில் படாமல் ஏற வேண்டும். கால் பட்டால் அபராதப் புள்ளி. யார் வேகம் என்பது இதில் பேச்சே இல்லை.

அதிகம் பார்ப்பது இத்தாலியின் பெட்டா ஈவோ 125. எழுபது கிலோகூட வராது, ஒரு காப்சாயைவிட லேசு. பெட்டா 1905இல் ஃப்ளோரன்ஸில் சைக்கிள் செய்து தொடங்கிய நிறுவனம். 1987இல் அதற்கு ட்ரையல்ஸ் உலகப் பட்டம் வாங்கித் தந்த ஜோர்டி தாரெஸும் சைக்கிள் ட்ரையல்ஸிலிருந்து வந்தவர்தான். 89, 90, 91இலும் அவரே ஜெயித்தார். அப்புறம் பெட்டாவில் 1997 முதல் மூன்று வருடம் ஜெயித்தவர் டகி லாம்ப்கின். சிறுவர்களுக்கு 80 சிசியிலும் ஈவோ உண்டு. அதனால்தான் அப்பாமார்கள் இதைப் பொம்மை மாதிரி நினைத்துவிடுகிறார்கள்.

அப்படி மகனுக்கு வாங்கியவர் ஒருவர். உலு லங்காட் பக்கம் ஆற்றோரம் பையன் ஏறும்போது முன் சக்கரம் பாறைக்கு மேலே, பின் சக்கரம் சேற்றில். லேசான வண்டிதானே என்று அப்பா குனிந்து பின் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கியரும் விழுந்திருந்தது. பையன் பயத்தில் கிளட்சை விட்டான். செயினுக்கும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் போன மோதிர விரலின் நுனி நகத்தோடு போய்விட்டது.

இந்த வண்டியின் முதல் கியர் நடக்கிற வேகத்துக்கானது. வேகம் எவ்வளவு குறைவோ, இழுவை அவ்வளவு அதிகம். பாறையில் ஆளையும் சேர்த்து ஏற்றுகிற இழுவைக்கு ஒரு விரல் எம்மாத்திரம்? போட்டிகளில் வண்டியைத் தாங்கிப் பிடிக்கப் பக்கத்திலேயே ஆள் நிற்பதால்தான் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு பிளாஸ்டிக் மூடி வைக்கிறார்கள். இவர் சேறு கழுவக் கழற்றியவர், திரும்ப மாட்டவில்லை. தூக்க வேண்டியிருந்தால் முதலில் எஞ்சினை அணையுங்கள். பிடிப்பது பின் மட்கார்டாக இருக்கட்டும்.

இன்னொன்று, ஹேண்டில்பாரில் காந்தத்தில் ஒட்டியிருக்கும் கயிறு. மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், விழுந்தவுடன் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சின் அணைந்துவிடும். பட்டறைக்கு வரும் பாதி வண்டிகளில் அந்தக் கயிறு ஹேண்டில்பாரைச் சுற்றியே கிடக்கிறது, ஏதோ திருஷ்டிக்குக் கட்டின மாதிரி.

யமஹா ஆர்எக்ஸ்இசட் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் டூ-டி ஆயிலுக்கு, அதாவது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயிலுக்கு, வேறு டேங்க், வண்டியே கலந்துகொள்ளும். பெட்டாவின் டூ-ஸ்ட்ரோக்கில் நாம்தான் பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோலை ஊற்றிப் பிஸ்டன் பிடித்துப்போய் வந்த வண்டியும் உண்டு. அதே ஆள் டயருக்கும் காப்சாய் கணக்கில் 30 பிஎஸ்ஐ காற்று அடித்து வைத்திருந்தார். இதன் பின் டயருக்கு 4, 5 போதும். இல்லையென்றால் ஈரப்பாறையில் பிடிப்பே இருக்காது. அந்தக் காற்றோடு தார் ரோட்டில் போகவும் முடியாது. நம்பர் பிளேட், ரோட் டேக்ஸ் இல்லாத வண்டிக்கு அங்கே வேலையும் இல்லை.

விரல் போனவரின் வண்டி இப்போது என் பட்டறை மூலையில்தான் நிற்கிறது. மூடி ஆர்டர் போட்டு மூன்று வாரம் ஆகிறது. பையன் சனிக்கிழமை தோறும் வந்து, “அங்கிள், வந்திருச்சா?” என்கிறான். அப்பா வாசலோடு சரி, வண்டிப் பக்கம் வருவதில்லை.