டிக்கெட்டில் எழுதாத நேரம்

"ஊட்டியிலிருந்து சென்னைக்கு ஃப்ளைட்டில் எவ்வளவு நேரம்?" என்று கேட்பவர்களிடம், "வீடு எங்கே?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். மஞ்சூரா, கோத்தகிரியா, பிங்கர்போஸ்ட்டா என்று தெரியாமல் டிக்கெட் போடுவதில் அர்த்தமில்லை.

ஊட்டிக்காரர்கள் விமானம் ஏறுவது கோவையில். கோவை - சென்னை நேர்கோட்டில் சுமார் 400 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகம் என்றால் அரை மணி நேரம்தானே என்று கணக்குப் போடுகிறார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. அட்டவணையில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரம், விமானம் இங்கே நகரத் தொடங்கியதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்குமானது. ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம். ஓரளவு நம்பலாம். நம்ப முடியாதது நம் மலைப்பாதை.

ஊட்டியிலிருந்து கோவையின் பீளமேடு விமான நிலையம் சுமார் 90 கி.மீ. சாதாரண நாளில் மூன்று மணி நேரம். கோடை சீசனில் ஒருவழிப்பாதை அறிவித்துவிட்டால் குன்னூர் வழி ஏறுபவர்களுக்கு, கோத்தகிரி வழி இறங்குபவர்களுக்கு. அப்புறம் மேட்டுப்பாளையம் நெரிசல் தனி. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் கணக்கே இல்லை. 2009 நவம்பரை மறந்தவர்கள் இங்கே குறைவு.

அதனால் புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். விமானம் பத்து மணிக்கு என்றால் உங்களுக்கு அது ஒன்பது மணி விமானம். எட்டரைக்கு அங்கே நிற்க, ஐந்துக்கே வண்டி எடுக்க வேண்டும், சீசனில் நான்குக்கு. அதிகாலை விமானம் என்றால் முந்தைய இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடச் சொல்வேன். அறை வாடகை தவறவிட்ட டிக்கெட்டைவிட மலிவு.

நள்ளிரவு 12.40 விமானத்தில் இன்னொரு சிக்கல். டிக்கெட்டில் 15ஆம் தேதி என்றிருந்தால், 14ஆம் தேதி மாலையே மலையிறங்க வேண்டும். படித்தவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

வெளிநாட்டுப் பயணமா? டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சார்ஜா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நான்கு மணிக்குக் கிளம்பி ஆறரைக்கு இறங்கினால், பறந்தது இரண்டரை மணி நேரம் அல்ல, நான்கு. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால், திரும்பி வரும்போது இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டதுபோல் தோன்றும். அழைத்துப் போக வருபவர்கள்தான் குழம்புவார்கள்.

விமானத்தில் மூச்சு முட்டுமோ என்று பயப்படும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளே காற்றழுத்தத்தை அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் வைத்திருப்பார்கள். ஊட்டியே சுமார் 7,350 அடி. நாம் அந்தக் காற்றில் வாழ்பவர்கள்தான். இதய, நுரையீரல் நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெங்களூருவுக்கு டிக்கெட் மலிவு என்று அங்கே இறங்கி வருபவர்கள் வழியில் இருக்கும் பந்திப்பூர் காட்டை மறந்துவிடுகிறார்கள். இரவு 9 முதல் காலை 6 வரை தனியார் வண்டிகளுக்குக் காட்டுப்பாதை அடைப்பு. தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையத்தில் மாலை மூன்று மணிக்கு இறங்கினால், நகர நெரிசலையும் மைசூரையும் தாண்டி ஒன்பதுக்குள் அங்கே வந்து சேர்வது சந்தேகம்தான். சரி, அப்படித்தான் வர வேண்டுமென்றால் காலை விமானமாகப் பாருங்கள். இல்லாவிட்டால் காட்டுக்கு முன்னால் இருக்கும் குண்டல்பேட்டையில் அறைக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.